முல்லை மிதந்த கிளாஸ்

கேட்டரிங் படிக்கிற பெண் ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். அவர்கள் கல்லூரியில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். "சார், வீட்லயே செய்யற மாதிரி, பூ வாசனையோட ஒரு ஷாம்பெயின் காக்டெயில். நீங்க அந்தக் காலத்துலயே செஞ்சிருக்கீங்கன்னு எங்க மேடம் சொன்னாங்க. உங்க அனுபவத்தையும் சேர்த்து எழுதிக் குடுங்க சார், ப்ளீஸ்" என்றாள்.

மோர் குடித்தாலே வயிறு உப்பிக்கொள்கிற வயது எனக்கு. ஆயுள் பூராவும் நின்றே பிழைத்தவன் என்பதால் முட்டி இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. இப்போது அடையாறில் ஏதோ ஒரு கடையில் வெளிநாட்டுப் பூச்சாறே பாட்டிலில் கிடைக்கிறதாம், அந்தப் பெண்தான் சொன்னாள். அப்புறம் நான் எதற்கு? "அதெல்லாம் மறந்து போச்சும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். பொய்தான். எழுத உட்காரும் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து மயிலாப்பூரில் ராஜம் மாமி காலமானார் என்று தெரிந்தது. ஆட்டோ பிடித்துப் போனேன். மாலை போட்டுவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். அங்கே காதில் விழுந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். என்ன வார்த்தை என்று பிறகு சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் புரியும்.

நான் நொச்சிக்குப்பத்தில் பிறந்தவன். அப்பா கடலுக்குப் போகிறவர். எனக்குக் கட்டுமரத்தில் ஏறினாலே குமட்டும். குப்பமே சிரித்தது. மாமா ஒருவர் மவுண்ட் ரோடு ஹோட்டலில் கிளாஸ் கழுவச் சேர்த்துவிட்டார். கழுவி, துடைத்து, அடுக்கி, ஒரு வழியாகத் தட்டு தூக்குகிற பேரராக ஆனேன். இதில் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாரும் அப்படித்தான் ஆனார்கள்.

அப்போது மதுவிலக்கு. ஹோட்டலின் பின்பக்கம் பர்மிட் ரூம் என்று ஓர் அறை இருக்கும். சர்க்கார் கொடுத்த பர்மிட்டைக் காட்டினால்தான் உள்ளே போய்க் குடிக்கலாம். ஜன்னலுக்குத் திரை, விளக்குக்கு மறைப்பு, என்னவோ வைத்தியசாலைக்கு வந்த மாதிரி எல்லாரும் மெல்லப் பேசுவார்கள். அந்த அறைக்குத் தலைமை பேரர் தேவசகாயம். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் என்று சொல்ல மாட்டேன். அவர் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை. தப்பு செய்தால் கிண்டல் செய்வார், அந்தக் கிண்டலுக்குப் பயந்து நாமாகத் திருந்த வேண்டும்.

தட்டு தூக்கிக்கொண்டு வரும்போது கிளாஸோடு கிளாஸ் உரசி லேசாகச் சத்தம் வந்தால் போதும். "இன்னா நைனா, கிளாஸு சலங்க கட்டிக்கினு வருது?" என்பார். குரல் உயராது, முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. ஷாம்பெயின் பாட்டிலைத் திறக்கும்போது 'டப்' என்று சத்தம் வந்தால், "தீபாவளிக்கு இன்னும் நாள் கீதே" என்பார். தக்கையைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத்தான் திருப்ப வேண்டும். தக்கையைத் திருப்பக் கூடாது. குழந்தை பால் குடித்துவிட்டு ஏப்பம் விடுகிற சத்தம்தான் வர வேண்டும். கிளாஸைச் சோப்புப் போட்டுக் கழுவினால் ஷாம்பெயினின் நுரை செத்துவிடும். வெந்நீரில் கழுவி, பழைய மல் துணியால் துடைத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். ஒரு விரல் ரேகை தெரிந்தாலும் பேசாமல் என் கையிலேயே திரும்பக் கொடுத்துவிடுவார்.

அவர் வாயைத் திறந்து சொன்ன ஒரே சட்டம் இதுதான். "ஏகாம்பரம், தட்டுல இன்னா கீதோ அத மட்டும் பாரு. தட்டுக்கு அந்தாண்ட இன்னா நடந்தாலும் நம்ம கண்ணு பாக்காது, வாய் பேசாது." அதை நான் ஆயுள் பூராவும் காப்பாற்றினேன். காப்பாற்றிக் களைத்துப் போனேன் என்றும் சொல்லலாம்.

அந்த பர்மிட் ரூமுக்கு வாடிக்கையாக வந்தவர்தான் எங்கள் ஐயா. ஓர் இங்கிலீஷ் கம்பெனியில் பெரிய உத்தியோகம். தெற்கத்திப் பக்கத்துக்காரர், ஏழைக் குடும்பத்திலிருந்து படித்து வந்தவர். அடையாறில் கம்பெனி கொடுத்த பங்களாவுக்கு ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டார். சம்பளம் கூட என்பதால் போனேன். ஐயாவின் மனைவியை நாங்கள் அம்மா என்போம். அவரும் தெற்கத்திக்காரர்தான், அவர் வீட்டார் இங்கே தி.நகரில் புடவைக் கடை வைத்திருந்தார்கள். நெற்றி நிறைய திருநீறு, தலை நிறையப் பூ, வீட்டில் முட்டை கூடக் கூடாது. அந்த வீட்டில்தான் ஐயா குடித்தார்.

நல்ல மனிதர். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் குடி அவரைத் தின்றுகொண்டிருந்தது. சாயங்காலம் ஒரு கிளாஸில் ஆரம்பித்தால், பாட்டிலை நான் ஒளித்து வைக்கிற வரைக்கும் போகும். அவரைத் தோளில் சாய்த்து மாடிப்படி ஏற்றியிருக்கிறேன். காலையில் அவருடைய மகள் எதிரே வந்தால் தலையைத் தூக்க மாட்டார். கடைசியில் ஒரு நாள் ரத்தமாக வாந்தி எடுத்தார். மயிலாப்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். ஆபீசுக்கு ஜாண்டிஸ் என்று சொல்லிவிட்டோம். டாக்டர் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, இனி ஒரு வாய் பட்டாலும் பழையபடி ஆரம்பித்துவிடும், அப்புறம் என் கையில் இல்லை என்று சொன்னார்.

ஐயா நிறுத்தினார். என் கண்ணால் பார்த்தேன், அது சாதாரண விஷயம் இல்லை. கை நடுங்கும். சட்டை நனையும். சாயங்காலம் ஆனால் தோட்டத்தில் அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருப்பார். நான் எலுமிச்சைச் சாற்றை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடப்பேன். மாதங்கள் போயின. வீட்டில் முதல்முறையாகச் சாப்பாட்டு மேஜையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மகள் அப்பாவோடு சண்டை போட ஆரம்பித்தாள். அம்மா அதை ரசித்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் லண்டனிலிருந்து கம்பெனிச் சேர்மன் வருவதாகச் செய்தி வந்தது. மெட்ராஸ் ஆபீசின் தலைமை நாற்காலியில் இருந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்புகிறார். அந்த இடத்துக்கு முதல்முறையாக ஒரு தமிழர். ஒன்று ஐயா, இல்லாவிட்டால் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த சேஷாத்ரி. சேர்மன் வந்து பார்த்து முடிவு செய்வார். வந்த மூன்றாம் நாள் விருந்து ஐயா வீட்டில். ஷாம்பெயின் பாட்டில்களைச் சேர்மனே வந்த உடனே தன் பர்மிட்டில் வாங்கி அனுப்பிவிட்டார்.

அந்தப் பாட்டில்கள் வந்து இறங்கியதும் அம்மா அடுக்களையில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"ஏகாம்பரம், இங்க வாப்பா. எனக்கு என்ன செய்யதுன்னு தெரியல. எல்லாரும் கிளாஸத் தூக்கி டோஸ்ட்டு சொல்லுதப்ப அவுக கையில கிளாஸ் இல்லன்னா எல்லாரும் ஏன்னு கேப்பாவ. முன்னாடி மொத ஆளா குடிச்சவுகளாச்சே. நர்சிங் ஹோம் வரைக்கும் தோண்டுவாவ."

"இப்ப குடிக்கறதில்லன்னு சொல்லிட்டா இன்னாம்மா?"

"குடிகாரன்னு நாமளே சொல்லிக் குடுத்த மாதிரிதானப்பா. அந்தச் சீக்கு உள்ளவுகளுக்கு நாற்காலி குடுப்பாவளா? அதுக்காகக் குடிச்சா ஆளே போயிருவாவ. எனக்கு நாற்காலி வேண்டாம்னுதான் சொன்னேன். அவுகளுக்கு வேணும். இத்தனை வருஷம் உழைச்சிருக்காவல்லா?" சொல்லும்போதே அழுதுவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அழாதீங்கம்மா. ஐயா கையில கிளாஸ் இருக்கும். அதுல சரக்கு இருக்காது. நான் பாத்துக்கறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யோசித்தேன்.

நிறத்தை ஏமாற்றலாம். நுரையையும் ஏமாற்றலாம். மணம்தான் கஷ்டம். ஷாம்பெயின் குடிக்கிற வாய்க்கு அடுத்த ஆளின் கிளாஸில் அது இருக்கிறதா இல்லையா என்று மூக்கே சொல்லிவிடும். அப்படியானால் எல்லாருடைய கிளாஸிலும் வேறு ஒரு மணம் தூக்கலாக இருக்க வேண்டும். இப்படித்தான் பூவுக்கு வந்தேன். இப்போது அந்தப் பெண் ஆசையாகக் கேட்கிற காக்டெயில் ஒரு குடிகாரரைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு. நாகரிகத்துக்காகச் செய்தது இல்லை.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூர் குளத்தங்கரைப் பூக்காரியிடம் தண்ணீர் தெளிக்காத குண்டுமல்லி மொட்டாகச் சாயங்காலமே சொல்லி வாங்க வேண்டும். தெளித்தது என்றால் சர்க்கரை கசகசத்து வாசனை கெட்டுவிடும். காம்பு கசக்கும், ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிய வேண்டும். பீங்கான் ஜாடியில் ஒரு வரிசை சர்க்கரை, ஒரு வரிசை மொட்டு என்று பரப்பி, மூடி வைத்துவிட வேண்டும். மொட்டு இருட்டில் ஜாடிக்குள்ளேயே மலரும். காலையில் பூவை எடுத்துவிட்டு, காய்ச்சி நன்றாக ஆறிய தண்ணீர் விட்டுக் கரைத்து, மல் துணியில் வடிகட்ட வேண்டும். அடுப்பில் வைத்தால் போச்சு, வாசனை பூராவும் ஆவியோடு போய்விடும். இது மல்லிப் பாகு.

அகன்ற வாய் கிளாஸில் சர்க்கரைக் கட்டி ஒன்றை வைத்து, அது நனைகிற அளவு பன்னீர் விட வேண்டும். மல்லிப் பாகு ஒரு ஸ்பூன். அதன் மேல் நன்றாகக் குளிர்ந்த ஷாம்பெயினைக் கிளாஸின் ஓரமாகவே, இரண்டு தவணையாக ஊற்ற வேண்டும். முதல் நுரை அடங்கினால்தான் இரண்டாவது. அடியில் உள்ள சர்க்கரைக் கட்டியிலிருந்து குமிழிகள் நூல் பிடித்த மாதிரி மேலே வந்துகொண்டிருக்கும். கடைசியில் காம்பு கிள்ளிய ஒரு மொட்டை மிதக்கவிட வேண்டும். அவ்வளவுதான்.

ஐயாவின் கிளாஸில் ஷாம்பெயினுக்குப் பதில் சோடா. கோலி சோடாவைத் திறந்த உடனே ஊற்றினால் பெரிய பெரிய குமிழியாகப் பொங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். திறந்து, அதன் ஆர்ப்பாட்டம் ஓய்ந்த பிறகு ஊற்ற வேண்டும். நிறத்துக்குப் பால் விடாத டீத்தண்ணீர், துளி எலுமிச்சை. நானே நாலைந்து தடவை செய்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது எது என்று எனக்கே குழம்பியது. அங்கேதான் அடுத்த சிக்கல். எனக்கே குழம்பினால் ஐயா எப்படி எடுப்பார்? தட்டில் நான் திருப்பிக் காட்டிக் கொடுத்துவிடலாம். மேஜையில் வைத்துவிட்டு மறுபடி எடுக்கும்போது மாறிப்போனால்?

கிளாஸில் கீறல் போடலாமா, நூல் கட்டலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அம்மா தன் தலையிலிருந்த சரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மத்த கிளாஸ்ல எல்லாம் மல்லி மொட்டு போடு. அவுக கிளாஸ்ல முல்லை போடு. மல்லி குண்டா இருக்கும், முல்லை ஒல்லியா நுனி கூரா இருக்கும். அவுகளுக்கு நான் காட்டிக் குடுத்துருதேன். வேற எந்த ஆம்பளைக்கு மல்லிக்கும் முல்லைக்கும் வித்தியாசம் தெரியும்? வெள்ளைக்காரனுக்கு சுத்தமாத் தெரியாது."

பிரமாதம் என்று நினைத்தேன். ஆம்பளைக்குத் தெரியாது என்பது உண்மைதான். விருந்துக்கு ஆபீஸ் மனிதர்களின் மனைவிமாரும் வருவார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் பெண்கள் எப்போதும் உள் அறையில் உட்கார்ந்து திராட்சை ஜூஸ் குடித்துவிட்டு, தட்டுப் பக்கமே வராமல் போய்விடுவார்கள். அதனால் அவர்களை நாங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

விருந்தன்று சேர்மனின் மனைவி வந்தார். வந்தவர் உள் அறைக்குப் போய், "ஏன் இங்கே ஒளிந்திருக்கிறீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டு எல்லாப் பெண்களையும் கையைப் பிடித்து ஹாலுக்கு அழைத்து வந்துவிட்டார். முதலில் வந்து நின்றவர் ராஜம் மாமி. சேஷாத்ரியின் மனைவி. மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பக்கத்தில் வீடு. நன்றாகப் பாடுவார். நவராத்திரி வந்தால் கொலு வைத்த வீட்டில் எல்லாம் அவரைத்தான் பாடக் கூப்பிடுவார்கள். அன்றைக்கும் எலுமிச்சை நிறப் பட்டுப்புடவையில், தலையில் முல்லைச் சரத்தோடு வந்திருந்தார்.

நான் தட்டோடு போனபோது அவர் கிளாஸ்களைக் குனிந்து பார்த்தார். பூவாக இருந்தால் எந்தப் பெண்தான் பார்க்க மாட்டாள்?

"அழகா இருக்கே. ஏம்ப்பா, எல்லாத்துலயும் மல்லி, இது ஒண்ணுல மட்டும் ஏன் முல்லை?"

"மல்லி பத்தலீங்கம்மா" என்றேன்.

"பத்தலையா? அதோ மேஜை மேல கிண்ணம் நெறைய மல்லி இருக்கே" என்றார். நான் தட்டைத் திருப்பி ஐயாவிடம் காட்டினேன். ஐயா முல்லை கிளாஸை எடுத்தார். மாமியின் பார்வை கிளாஸிலிருந்து ஐயாவுக்குப் போயிற்று. அங்கிருந்து அம்மாவின் முகத்துக்குப் போய், திரும்ப என்னிடம் வந்தது. நர்சிங் ஹோமுக்கு வந்து ஐயாவைப் பார்த்துவிட்டுப் போனவர் அவர். இவர் புருஷன் காதில் ஒரு வார்த்தை போட்டால் போதும். நாற்காலி அவர்கள் வீட்டுக்குப் போய்விடும். ஐயாவின் மானமும் சேர்ந்து போய்விடும்.

டோஸ்ட் ஆரம்பித்தது. சேர்மன் ஆஜானுபாகு, சிவந்த முகம், வீடு அதிரச் சிரிப்பவர். இரண்டு வார்த்தை பேசினார். பிறகு ஐயாவிடம் வந்து தோளில் கை போட்டார். தான் யாரை நம்புகிறாரோ அவரோடு கிளாஸை மாற்றிக்கொண்டு குடிப்பது தன்னுடைய பழக்கம் என்றார். சொல்லிவிட்டுத் தன் கிளாஸை ஐயாவிடம் நீட்டினார்.

எனக்கு இங்கிலீஷ் பேச வராது, கேட்டால் புரியும். அம்மாவுக்கும் புரிந்துவிட்டது. அவர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

ஐயா மறுத்திருக்கலாம் என்று இன்று சொல்வது சுலபம். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேர்மன் நீட்டிய கிளாஸில் மல்லி மொட்டு மிதந்துகொண்டிருந்தது, அதற்கடியில் அசல் சரக்கு. ஐயாவின் கண் அந்த மொட்டைவிட்டு நகரவில்லை. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அந்த நிமிஷம் அவருக்கு நாற்காலி ஞாபகம் இல்லை, மகள் ஞாபகம் இல்லை. சாக்கு கிடைத்துவிட்டது என்கிற பார்வை அது. இந்த ஒரு வாய்க்கு யாரும் குறை சொல்ல மாட்டார்களே! அவர் கை நீண்டது. நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். எஜமான் கையிலிருந்து கிளாஸைப் பிடுங்குகிற பேரர் உலகத்திலேயே கிடையாது.

அப்போது புடவை சரசரக்க ராஜம் மாமி நடுவே வந்தார்.

"இருங்கோ, இருங்கோ. இந்த ஹால் பூரா மல்லியா இருக்கு, இவர் கையில மட்டும் முல்லை! எனக்கு முல்லைன்னா உசிரு. இது எனக்குத்தான்." சிரித்துக்கொண்டே சொல்லி, ஐயாவின் கையிலிருந்த கிளாஸை வாங்கினார். எல்லாரும் பார்க்க, நின்றபடியே, பூவை விரலால் ஒதுக்கிவிட்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் காலி கிளாஸை என் தட்டில் வைத்தார்.

சேஷாத்ரியின் முகத்தில் ஈயாடவில்லை. மற்றப் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். சேர்மன் மட்டும் கடகடவென்று சிரித்து, கை தட்டி, "பிராவோ மேடம்!" என்று கத்தி, கிளாஸ் மாற்றுவதை மறந்து தன் கிளாஸை அவருக்காக உயர்த்திக் குடித்தார். அதற்குள் நான் உள்ளே ஓடி, அவசரத்துக்கென்று வைத்திருந்த இன்னொரு முல்லை கிளாஸைக் கொண்டுவந்து ஐயாவின் கையில் திணித்தேன். ஐயாவுக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது. அந்தச் சோடாவை அவர் மடமடவென்று குடித்தார்.

நாற்காலி ஐயாவுக்கே கிடைத்தது. மாமிக்குக் கிடைத்தது ஒரு பட்டப் பெயர். ஷாம்பெயின் மாமி.

ஊருக்கு வாயை மூடத் தெரியாது. ஒரு வாரத்துக்குள் குளத்தங்கரையிலிருந்து மந்தைவெளி வரைக்கும் பரவிவிட்டது. சேஷாத்ரி ஆத்துக்காரி வெள்ளைக்காரனுக்கு முன்னால் நின்று சாராயம் குடித்தாளாம், கிளாஸைப் பிடுங்கிக் குடித்தாளாம். மாமியார் திவச நாட்களில் அவரை அடுக்களைக்குள் விடவில்லை. புருஷன் பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று டிரைவர் மூலம் கேள்விப்பட்டேன். அந்த நவராத்திரிக்கு அவரைப் பாடச் சொல்லி ஒரு வீட்டிலிருந்தும் வெற்றிலை பாக்கு வரவில்லை. அடுத்த நவராத்திரிக்கும் வரவில்லை. அப்புறம் எப்போதுமே வரவில்லை.

எங்கள் அம்மாவால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று மாமி வீட்டுக்கே கிளம்பினார். வாசலிலேயே மாமி வழிமறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் குளத்தங்கரைப் பூக்கடையில் அவரைத் தனியே பார்த்தேன். முல்லை வாங்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் வந்து உங்க வூட்ல சொல்லிட்றேன்மா. அது வெறும் சோடா. கண்டவன்லாம் கண்டதப் பேசிக்கினு கீறானுங்க, கேக்க முடியலம்மா."

"நீ ஒண்ணும் சொல்லாதே. வாயத் திறந்தியோ, நான் அன்னிக்குப் பண்ணினது அத்தனையும் வீண். சோடான்னு தெரிஞ்சா, ஏன் சோடான்னு கேப்பா. உங்க ஐயா கதி என்ன ஆறது?"

"சோடான்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஜாண்டிஸ்காரனுக்குக் கை அப்படி நடுங்காதுப்பா. நர்சிங் ஹோம்லயே தெரிஞ்சுண்டேன். எங்கண்ணாவுக்கும் அப்படித்தான் நடுங்கித்து. அவனும் விட்டுட்டான். ஒரு கல்யாணத்துல யாரோ ஒரு வாய்தானேன்னு கொடுத்தா. நான் பக்கத்துலதான் நின்னுண்டிருந்தேன். தட்டிவிடத் தோணலை. அவன் போயிட்டான்." பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். "அன்னிக்கு உங்க ஐயா கை நீண்டுதே, எனக்கு எங்கண்ணா கைதான் தெரிஞ்சுது. யோசிச்சா பண்ணினேன்? பண்ணிட்டேன்."

"அதுக்கோசரம் இந்தப் பேர நீங்க சொமக்கணுமாம்மா?"

"கஷ்டமாத்தான் இருக்கு. பாடாம இருக்கறது ரொம்பக் கஷ்டமா இருக்கு. ஆனா உங்க ஐயா இருக்கற வரைக்கும் நீ சொல்லப்படாது. என் மேல ஆணை."

"அதுக்கப்பறம்?"

"அப்பறம் உன் இஷ்டம். அப்போ யாருக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கப்போறது?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சில வருஷத்தில் மதுவிலக்கையே எடுத்தார்கள். கடைகள் திறந்தன. மறுபடி மூடினார்கள், அது வேறு கதை. திறந்திருந்தபோது மாமியின் தெருவிலேயே எத்தனையோ ஆம்பிளைகள் கையில் பாட்டிலோடு போனார்கள். அவர்களுக்கெல்லாம் ஒரு பட்டப் பெயரும் இல்லை.

ஐயா அதற்குப் பிறகு தொடவே இல்லை. தன் மகள் கல்யாணத்தில் நிமிர்ந்து நின்றார். ஆபீஸ் விழா, கல்யாணம், எங்கேயாவது ராஜம் மாமி வந்தால் ஐயா எழுந்து நிற்பார். அவர் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார். மற்றவர்கள் அதையும் கேலி செய்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு அவரால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. மாமி எதையும் வாங்கிக்கொள்ள மாட்டார். ஐயா பழுத்த கிழமாகி, தூக்கத்திலேயே போனார். ஆணை அதோடு முடிந்தது, ஆனால் மாமி சொன்ன மாதிரி யாருக்கு ஞாபகம் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். அவருக்கு முன்பே அம்மா போய்விட்டார். ஐயாவின் மகளிடம் இப்போது இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க அண்ணா. எங்கப்பா எனக்குக் கெடச்சதே அந்த மாமியாலதான்" என்றாள்.

இனி அந்த வார்த்தை. மாமியின் உடல் கூடத்தில் கிடந்தது. வாசலில் இரண்டு கிழவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மற்றவரிடம், "யாரு, நம்ம ஷாம்பெயின் மாமியா?" என்று கேட்டு, சாவு வீட்டு வாசல் என்றும் பார்க்காமல் வாயைப் பொத்திச் சிரித்தார். யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது என்றாரே மாமி, அந்த இடத்தில் எனக்கு ரத்தம் கொதித்தது. சண்டை போட உடம்பில் தெம்பு இல்லை. ஆட்டோ ஏறி வந்துவிட்டேன்.

ஆகவே, அம்மா கேட்டரிங் மாணவியே, நீ கேட்டதை மேலே எழுதியிருக்கிறேன். ராஜம் மாமி குடித்த கிளாஸின் செய்முறையைத் தனியாக, தெளிவாக, இங்கே எழுதுகிறேன். பன்னீரில் நனைத்த சர்க்கரைக் கட்டி ஒன்று. மல்லிப் பாகு ஒரு ஸ்பூன். துளி எலுமிச்சைச் சாறு. நிறத்துக்கு டீத்தண்ணீர். மீதிக்குச் சோடா. மேலே ஒரு முல்லை மொட்டு. இவ்வளவுதான் அதில் இருந்தது. கலந்தவன் நான், கொண்டுபோனவன் நான், காலி கிளாஸைத் தட்டில் வாங்கியவனும் நான்.

உங்கள் மலரில் இடம் போதவில்லை என்றால் ஷாம்பெயின் செய்முறையை எடுத்துவிடம்மா. இதை எடுக்காதே.